மாசு நீக்கமும் மெய்யெழுத்துப் புள்ளியும்

வானொலியில் நிலையம் சரியாகப் பிடிபடாத பொழுது பேச்சினூடே எழும் கொரகொரப்பை இரைச்சல் என்கிறோம். நிழற்படத்திலும் அத்தகைய இரைச்சல் உண்டு. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இரவில் நடைபெறும் தீமிதியையோ, மழைநாளில் மங்கலான மண்டபத்தில் நிகழும் பள்ளிப் பரிசளிப்பு விழாவையோ கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரிய வானம் கரியதாக இராது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக மணல் தூவியது போன்று பொடிகள் நிறைந்திருக்கும். இதனையே பட இரைச்சல் என்பர். இதைப் போக்குவதற்கென்றே இந்நாளில் பற்பல மென்பொருள்கள் கிடைக்கின்றன. சில விலையின்றிக் கிடைப்பவை. சில விலைக்கு உரியவை. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா ஆசிரியர் நடுவே அடிக்கடி எழுகின்றது.

இவ்வினா கெடா மாநிலத்து நமக்கு வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், கோல கெட்டில் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நின்றது; குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தன; பள்ளிகளும் சில இடம் பெயர்ந்தன. எஞ்சியிருப்பவை பழைய வகுப்புப் படங்கள், வருகைப் பதிவேடுகள், விழா மலர்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் அவை பூசணம் பூத்து வருகின்றன. அவற்றை இப்பொழுது பலரும் கைப்பேசியால் படமெடுத்துக் காக்க முனைகின்றனர். முனைவது நன்று. ஆயின், படத்தைத் தூய்மை செய்யும்பொழுது எது மாசு, எது செய்தி என்று பிரித்தறிய வேண்டும். தமிழெழுத்தைப் பொறுத்தவரை இப்பிரிப்பு மிக நுட்பமானது.

இரைச்சல் பிறக்கும் வகை

ஒளி, நீர்போல் இடையறாது ஒழுகுவதன்று, துளித்துளியாக விழுவது. அத்துளியை ஒளித்துகள் என்பர். பால்மரத் தோட்டத்தில் மரந்தோறும் கட்டியுள்ள கோப்பைகளை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு தூறல் விழுந்து நின்றால், ஒரு கோப்பையில் எட்டுத் துளியும் அடுத்ததில் பதின்மூன்று துளியும் இருக்கும். நெடுநேரம் பெருமழை பெய்தால் எல்லாக் கோப்பைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் நிற்கும். படக்கருவியின் உணரியில் உள்ள நுண்கட்டங்களே இக்கோப்பைகள். ஒரு கட்டத்தில் சராசரி 100 ஒளித்துகள் விழுமானால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 10 ஆகும்; அஃதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 துகள் விழுமானால் ஏற்ற இறக்கம் 100. நூறில் ஒரு பங்கே. ஆகவே ஒளி குறையக் குறைய இரைச்சல் ஓங்கித் தெரியும்.

படக்கருவியின் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் படம் வெளிச்சமாகிறதே எனலாம். அங்கே ஒளி மிகுவதில்லை. கிடைத்த சிறு குறிப்பு பெருக்கப்படுகிறது. குறிப்போடு இரைச்சலும் பெருகும். பெரிய படக்கருவியின் உணரி 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். கைப்பேசி உணரியின் பரப்போ பெரும்பாலும் 100 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. சிறு வாய்க் கோப்பையில் குறைந்த மழையே விழும். கைப்பேசிப் படம் இருளில் தடுமாறுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஐந்து வழிகள்

மென்பொருள்களின் பெயர்கள் பலவாயினும், அவற்றுள் இயங்கும் வழிகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, சராசரி வழி. ஒவ்வொரு படப்புள்ளியின் மதிப்பையும் அதன் அண்டைப் புள்ளிகளின் சராசரியாக மாற்றுவது. இரைச்சல் அடங்கும், ஆனால் எழுத்தின் விளிம்பும் கண்ணிமையும் கரைந்துவிடும்.

இரண்டாவது, நடுமதிப்பு வழி. அண்டைப் புள்ளிகளைச் சிறிது முதல் பெரிது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது. உப்பும் மிளகும் தூவியது போன்ற தனித்தனிப் பொட்டுகளை இது நன்கு துடைக்கும். விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் பொட்டு நீக்கும் வசதி ஒன்று உண்டு. அது இவ்வழியைச் சார்ந்தது.

மூன்றாவது, விளிம்பு காக்கும் வழி. 1998-இல் தொமாசி, மாந்துச்சி என்னும் இருவர் வகுத்தது. அண்டையில் இருந்தால் மட்டும் போதாது, நிறமும் ஒத்திருக்க வேண்டும். அத்தகைய புள்ளிகளையே சேர்த்துச் சராசரி காண்பது. கன்னத்தின் நிறத்தோடு பின்னணிச் சுவரின் நிறம் கலவாது.

நான்காவது, ஒத்த பகுதிகளைத் தேடும் வழி. 2005-இல் புவாதெஸ், கோல், மொரேல் என்னும் மூவர் இதனை வெளியிட்டனர். ஒரு படத்தில் ஒரே வகையான சிறு பகுதிகள் பல இடங்களில் வருவது இயல்பு: சட்டையின் நெய்வு, கூரையின் ஓடு, பலகையின் கோடு. அவற்றைத் தேடிப் பிடித்து ஒன்றுசேர்த்துச் சராசரி கண்டால் உருவம் நிற்கும், இரைச்சல் போகும். இக்கருத்தை மேலும் வளர்த்து, பின்லாந்தின் தாம்பெரே நகரத்து ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட வழி பி.எம்.3டி. எனப்படும். விலையற்ற டார்க்டேபிள் மென்பொருளில் ஒத்த பகுதி தேடும் வழியும், அலைக்கூறுகளாகப் பிரிக்கும் வழியும் இருக்கின்றன. எந்தப் படக்கருவி எந்த ஐ.எஸ்.ஓ. எண்ணில் எவ்வளவு இரைச்சல் தரும் என்னும் அளவுக் குறிப்பையும் அது தன்னிடம் வைத்திருக்கிறது. நீட் இமேஜ் என்னும் மென்பொருளோ படத்தில் வெறுமையான ஓரிடத்தைக் காட்டச் சொல்லி, அங்கிருந்தே இரைச்சலின் இயல்பை அளந்துகொள்ளும்.

ஐந்தாவது, பயிற்சி பெற்ற செயற்கை அறிவு வழி. இரைச்சல் உள்ள படமும் தூய படமுமாகப் பல்லாயிரம் இணைகளைக் கணினிக்குக் காட்டிப் பழக்குவது. 2017-இல் இவ்வழி ஆய்வுலகில் வேரூன்றியது. 2020-இல் டி.எக்ஸ்.ஓ. நிறுவனத்தின் டீப்பிரைம் வந்தது. 2023 ஏப்ரலில் அடோபி நிறுவனம் தன் லைட்ரூமில் இத்தகைய வசதியைச் சேர்த்தது. வெளிவந்த காலத்தில் அது உணரியின் மூலக்கோப்பில் மட்டுமே இயங்கியது. டோபாஸ் நிறுவனத்தின் மென்பொருளும் இவ்வகையினதே. இரவுநேர விழாப்படங்களில் இவை காட்டும் திறம் வியக்கத்தக்கது. முன்னைய நான்கு வழிகளால் மீட்க இயலாத படத்தையும் இவை பளிச்சென்று ஆக்கிவிடும்.

ஆயினும் புதியது என்பதனாலேயே எவ்விடத்தும் வெல்லும் என்று கொள்ளலாகாது. 2017-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரத்து ஆய்வாளர் இருவர், நான்கு படக்கருவிகளால் 50 உண்மைக் காட்சிகளை எடுத்து, அக்காலத்து வழிகளை ஒப்பிட்டனர். கணினியில் செயற்கையாகத் தூவிய இரைச்சலில் வென்ற புதிய வழிகள் பல, உண்மைப் படங்களில் பத்தாண்டு பழைய பி.எம்.3டி. வழிக்குப் பின்தங்கின. அதன்பின் உண்மைப் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கும் முறை வளர்ந்து, புதியவை முன்னேறின. பழகிய கேள்விக்கு மட்டும் விடை எழுதும் மாணவனை நாம் அறிவோம். கணினியும் அதற்கு விலக்கன்று.

மெய்யெழுத்துக்கு நேரும் கதி

இனித் தமிழாசிரியர் தம் கருத்தை ஊன்ற வேண்டிய இடத்துக்கு வருவோம். நடுமதிப்பு வழியைக் கட்டத்தாளில் செய்து பார்க்கலாம். வகுப்பிலும் செய்து காட்டலாம். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் இவ்வழி ஒரு வாக்கெடுப்பே ஆகும். ஒரு கட்டமும் அதனைச் சூழ்ந்த எட்டும் சேர்ந்து ஒன்பது வாக்குகள். ஐந்து கறுப்பானால் நடுக்கட்டம் கறுப்பு, இல்லையேல் வெள்ளை.

இரண்டு கட்ட நீளமும் இரண்டு கட்ட அகலமும் உள்ள ஒரு புள்ளியை இடுங்கள். மொத்தம் நான்கு கறுப்புக் கட்டங்கள். எந்தக் கட்டத்திலிருந்து எண்ணினாலும் நான்குக்கு மேல் கறுப்பு வாக்கு இல்லை. ஒரே சுற்றில் புள்ளி முழுதும் அழிந்துபோகும். மூன்றுக்கு மூன்று புள்ளியாயின், முதற்சுற்றில் நான்கு மூலைகளும் உதிர்ந்து கூட்டல் குறியாகும். இரண்டாம் சுற்றில் நடுக்கட்டம் மட்டும் எஞ்சும். மூன்றாம் சுற்றில் அதுவும் மறையும்.

இப்பொழுது அச்செழுத்தை நோக்குவோம். மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி 0.3 மில்லிமீட்டர் விட்டம் உடையதென்று கொள்வோம். அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் பக்கத்தை வருடினால் ஒரு படப்புள்ளியின் அளவு 0.17 மில்லிமீட்டர். மெய்ப்புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு கட்டங்களுக்கும் குறைவு. அது ஒரே சுற்றில் போகும். 300 வீதமாயின் மூன்றரைக் கட்டங்கள். மென்மையான துடைப்பைத் தாங்கும், கடுமையானதைத் தாங்காது. 600 வீதமாயின் ஏழு கட்டங்கள், அச்சமில்லை. புத்தகப் பக்கங்களைச் சீர்செய்ய உதவும் ஸ்கேன் டெய்லர் போன்ற விலையற்ற மென்பொருளிலும் பொட்டு நீக்கம் மென்மை, நடுத்தரம், கடுமை என்று படிப்படியாக வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பக்கத்துக்குக் கடுமையைத் தொடவே கூடாது.

புள்ளி போனால் என்ன போகும் என்று தமிழாசிரியருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. பல் பல ஆகும். மண் மண ஆகும். கல் கல ஆகும். முத்தன் என்னும் பெயர் வாயில் நுழையாத வடிவாகும். மெய் புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியமே விதியாக வகுத்துள்ளது. எனினும் ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியிட்டாரல்லர். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதனால் என்பர். ஆகவே உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒவ்வோர் எழுத்தையும் இது மெய்யோ உயிர்மெய்யோ என்று ஆராய்ந்து ஆராய்ந்து அச்சேற்ற வேண்டியிருந்தது. அவர்கள் கல்வியால் மீட்டுத் தந்த புள்ளியை நாம் ஒரு பொத்தானை அழுத்தி இழக்கலாகாது.

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நம் அண்டையிலுள்ள மலாய் மக்களின் ஜாவி எழுத்தில் ஒரே வடிவத்தின் கீழே ஒரு புள்ளியிட்டால் ஓர் எழுத்து, மேலே இரண்டிட்டால் வேறெழுத்து, மூன்றிட்டால் மற்றோர் எழுத்து. தோட்டத்துப் பழைய சம்பளக் கணக்கில் 12.5 என்பதன் புள்ளி மறைந்தால் 125 என்று நிற்கும்.

கற்றதும் கற்பித்துக்கொண்டதும்

நடுமதிப்பு வழி உள்ளதை அழிக்கும். செயற்கை அறிவு வழியோ இல்லாததை எழுதவும் வல்லது. இரைச்சலில் மூழ்கிய ஓர் இமையின் கோடு உணரியில் பதியவே இல்லையென்றால், எந்த மென்பொருளும் அதனை மீட்க இயலாது. தான் முன்பு கண்ட ஆயிரம் இமைகளைக் கொண்டு ஓர் இமையை அது வரைகிறது. படம் அழகாகிறது, ஆனால் அந்த இமை அம்மனிதருடையது அன்று. மீட்ட படத்தின் அழகும் மூலத்தோடு அதற்குள்ள பொருத்தமும் ஓர் எல்லைக்கு மேல் ஒருங்கே வளர மாட்டா என்பதை 2018-இல் இசுரேல் நாட்டு ஆய்வாளர்களான பிளாவ், மிக்காயேலி ஆகிய இருவர் கணித முறையில் நிறுவினர்.

இதற்கு இனமான இரு நிகழ்ச்சிகள் உலகறிந்தவை. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் மங்கிய சிறு முகப்படத்தைத் தெளிவாக்கும் கருவி ஒன்றை வெளியிட்டனர். அதனிடம் பராக் ஒபாமாவின் மங்கிய படம் தரப்பட்டபொழுது அது ஒரு வெள்ளையர் முகத்தைத் தந்தது. அது கண்டு பழகிய முகங்கள் அத்தகையவை. 2013 ஆகஸ்டில் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் வருடிகள் சில, கட்டட வரைபடத்தில் வெவ்வேறு அளவுடைய மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே எண் காட்டியதை வெளிப்படுத்தினார். ஒன்றுபோல் தோன்றிய சிறு பகுதிகளை ஒன்றாகவே கொண்டு சுருக்கியதால் வந்த பிழை அது. முன்னது உருப்பெருக்கம், பின்னது கோப்புச் சுருக்கம். இரைச்சல் நீக்கம் அல்ல. எனினும் மூன்றிலும் வேர் ஒன்றே: கருவி ஊகித்ததைக் கண்டதுபோல் காட்டுதல். மங்கிய படம் தன் குறையைத் தானே சொல்லும். இவ்வகைப் பிழையோ தெளிவாக இருக்கும். ஆதலின் யாரும் ஐயுறார்.

நம் தோட்டங்களில் இதன் விளைவு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். அடையாள ஆவணம் இன்றித் தவித்த இந்திய வம்சாவளியினருக்காக 2011-இல் மைடாஃப்தார் என்னும் பதிவு இயக்கமே நடத்தப்பட்டது. இத்தகையோருக்குப் பழைய பள்ளிப் பதிவேட்டின் ஒரு வரி, பிறந்த ஆண்டுக்கோ தந்தை பெயருக்கோ துணைச்சான்றாக உதவக்கூடும். அவ்வரியில் 6 என்பது 8 ஆயின் அதனைத் திருத்த மூலப் பதிவேடு இருத்தல் வேண்டும். கறையான் தின்ற பின் அது இராது. அவ்வாறே 1946, 1947 ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படையினரின் பழைய படம் ஒன்று எந்தப் பெட்டியிலேனும் கிடைக்குமாயின், அதிலுள்ள முகங்கள் அவர்களுடைய முகங்களாகவே இருத்தல் வேண்டும். மங்கலாக இருப்பினும் குற்றமில்லை.

கல்வெட்டுக்கும் இஃது ஒக்கும். கெடாவை அடுத்த புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னாள் ஆலய வளாகத்தில் செரோக் தோக்குன் பாறையெழுத்து இருக்கிறது. காலத்தால் தேய்ந்த அக்கீறல்களைப் படமெடுத்து இரைச்சல் நீக்கினால், கல்லின் சொரசொரப்போடு எழுத்தின் மெல்லிய கோடும் போய்விடலாம்.

ஒப்பிடும் முறை

விளம்பரத்தில் காட்டும் இரு படங்களைக் கண்டு மென்பொருளை மதிப்பிடலாகாது. நாமே சோதிக்க எளிய முறைகள் இரண்டு உள்ளன.

ஒன்று, கழித்தல் சோதனை. ஒத்த பகுதி வழியைத் தந்த அம்மூவரே 2005-இல் இதனையும் முன்வைத்தனர். மூலப்படத்திலிருந்து தூய்மை செய்த படத்தைக் கழித்து, எஞ்சியதைக் காண வேண்டும். கிம்ப் மென்பொருளில் இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேறுபாடு காட்டும் முறையைத் தேர்ந்தால் போதும். எஞ்சியது ஒழுங்கற்ற வெறும் பொடியாக இருந்தால் மென்பொருள் இரைச்சலை மட்டும் எடுத்திருக்கிறது. அங்கே எழுத்தின் வடிவமோ, புள்ளிகளின் வரிசையோ, கண்ணும் மூக்கும் போன்ற கோடுகளோ தெரிந்தால், அது செய்தியையும் எடுத்தது அல்லது புதிதாகச் சேர்த்தது என்று அறியலாம்.

மற்றொன்று, புள்ளிச் சோதனை. பல், பல, மண், மண, கல், கல என்று இணையிணையாகச் சொற்களை ஒரு தாளில் எழுதி, மங்கிய ஒளியில் படமெடுத்து, ஒவ்வொரு மென்பொருளிலும் இட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் புள்ளிகளை எண்ணுங்கள். ஓர் எண் குறைந்தாலும் அந்த அமைப்பு தமிழ்ப் பக்கத்துக்கு ஆகாது.

எந்தப் பணிக்கு எது

இரவு விழா, விளையாட்டுப் போட்டி, கலைநிகழ்ச்சி ஆகியவற்றின் படங்களுக்கு, கருவியில் மூலக்கோப்பாகவே எடுத்து, டார்க்டேபிள் அல்லது ராதெரப்பி என்னும் விலையற்ற மென்பொருளால் தூய்மை செய்தால் பள்ளி மலருக்குப் போதுமானது. முதலில் நிற இரைச்சலை நன்கு குறையுங்கள். ஒளி இரைச்சலைச் சிறிதே குறையுங்கள். நிறப்பொடி கண்ணை உறுத்தும். ஒளிப்பொடி சிறிது இருப்பின் படம் இயல்பாகவே தோன்றும். பொருள் வசதி உள்ளோர் செயற்கை அறிவு மென்பொருளை இவ்வகைப் படங்களுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். கைப்பேசியின் ஜேபெக் கோப்பையோ கைப்பேசியே முன்னமே ஒருமுறை துடைத்திருக்கும். அதன்மேல் மீண்டும் துடைத்தால் முகம் மெழுகுப் பொம்மையாகும்.

பழைய குழுப்படம், பதிவேடு, ஏட்டுப்பக்கம் ஆகியவற்றுக்கு மென்பொருளினும் மேலான வழி ஒன்று உண்டு. இவை அசையாப் பொருள்கள். கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, சன்னல் ஒளியில், ஒரே பக்கத்தைப் பதினாறு முறை எடுத்து, பதினாறையும் சராசரி கண்டால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். நான்கு முறை எடுத்தால் பாதியாகும். ஒரு புள்ளியும் அழியாது. ஒரு கோடும் புதிதாய் முளைக்காது. 2018-இல் கூகுள் தன் கைப்பேசிகளில் கொணர்ந்த இரவுப்பட வசதியும் பல படங்களை ஒன்று சேர்க்கும் இக்கருத்தின்மேல் அமைந்ததே. மூலத்தாளில் உள்ள கறையும் பூசணமும் இதனால் நீங்கா என்பது உண்மை. அவை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்பவை. கறையை நீக்க முனைவோர் படியெடுத்த கோப்பில் முனைக. முதற்கோப்பில் கை வைக்கலாகாது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் மூன்று செயல்களை வழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். தூய்மை செய்யாத முதற்கோப்பை இரண்டு இடங்களில் காத்தல் ஒன்று. எழுத்துள்ள பக்கத்தை 600 வீதத்தில் வருடுதல் இரண்டு. தூய்மை செய்த படத்தை வெளியிடும்பொழுது எந்த மென்பொருளால் செய்தது என்பதைப் படத்தின் கீழே ஒரு வரியில் குறித்தல் மூன்று. பள்ளி விடுமுறை நாள்களில் நான்கு ஆசிரியர் சேர்ந்தால், ஒரு பள்ளியின் பதிவேடுகள் அனைத்தையும் இம்முறையில் படமாக்கி முடிக்கலாம். மழைக்காலம் வருவதற்குள் தொடங்குவது நலம்.